மறுப்பு இரண்டாம் பாகத்தில்

கொக்குவில் கிழக்கு
14.03.1992

அன்புள்ள ஹலீம்,

உம்முடைய முகவரி கிடைக்க இவ்வளவு காலம் எடுத்தது. கொழும்புத்துறைத் தேவாலயத்தில் இருக்கிற கனிசியஸ் சுவாமி புத்தளம் போய் வந்தவர். தில்லையடியில் ஓலைக் கொட்டில்களுக்கு நடுவே நீர் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருக்கக் கண்டதாகச் சொன்னார். சுகமாக இருக்கிறீரா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனால் கடிதத்தை வேறு எப்படித் தொடங்குவது? நீரும் மைமூனாவும் சுகமா?

நானும் பாலேஸ்வரியும் இருக்கிறோம். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. மண்ணெண்ணெய் விற்கிற விலையில் விளக்கைக் கொளுத்தாமல் கும்பிட்டுவிட்டுப் படுக்கிறோம். ரியூட்டறியில் அளவையியல் படிக்க வருகிற பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். மத்தியானம் சோற்றுப் பார்சலை அவிழ்த்து வைத்துக்கொண்டு தனியே இருக்கிறேன். குறுக்கே பேச நீர் இல்லாததால் சோறும் இறங்குவதில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் நாம் இருவரும் சேர்ந்து எழுதத் தொடங்கிய பௌத்த ஆராய்ச்சி நூல். முதற்பாகம் அச்சாகிவிட்டது. கடதாசி எங்கும் இல்லை. பள்ளிக்கூடக் கொப்பிக்கு வைத்திருந்த கோடு போட்ட தாளில்தான் அடித்தார்கள். இரண்டு பாகத்துக்கும் தாள் போதாது என்று அச்சகக்காரர் கையை விரித்தார். உம்முடைய மறுப்பும் என் கையில் இல்லை. ஆகவே பௌத்தர் கட்சியை மட்டும் வெளியிட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில் 'மறுப்பு இரண்டாம் பாகத்தில்' என்று தடித்த எழுத்தில் போட்டேன். வாசிக்கிறவர்கள் கடைசிப் பக்கம் வரை போவார்கள் என்று நினைத்தேன். இத்தனை வருடம் வாத்தியாராக இருந்தும் அந்த நம்பிக்கை எனக்குப் போகவில்லை.

ஊரில் இப்போது என்ன கதை தெரியுமா? நமசிவாயம் மாஸ்டர் புத்த சமயத்தில் சேர்ந்துவிட்டார். திருநெல்வேலிச் சந்தையில் ஒருவர் என்னிடமே, "மாஸ்டர், மொட்டை எப்ப?" என்று கேட்டார். மேலே அரசாங்கத்துப் பொம்மர் குண்டோடு சுற்றுகிற காலத்தில் சிங்களவருடைய சமயத்துக்கு வக்காலத்து வாங்குகிறேனாம். கோயில் தருமகர்த்தா கனகரத்தினம் வீடு தேடி வந்து கதிரை நுனியில் முதுகு சாய்க்காமல் இருந்தார்.

"மாஸ்டர், உயிர் எண்டு ஒண்டு இல்லையெண்டு அச்சடிச்சுப் போட்டியள். இனிக் கோயிலிலை வந்து முருகன் உயிரைக் காப்பார் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"அது என்ரை கட்சி இல்லை. எதிராளியின்ரை கட்சி."

"எதிராளியின்ரை கட்சியை நீங்கள் ஏன் காசு குடுத்து அச்சடிச்சனீங்கள்?"

எதிராளியின் கொள்கையை முதலில் அவன் வாயாலேயே சொல்ல வேண்டும், அவன் கேட்டால் 'ஓம், நான் சொல்லுறது உதுதான்' என்று தலையாட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் மறுக்க நமக்கு உரிமை, இது நம் ஆசாரியர்கள் போட்ட வழி என்று விளங்கப்படுத்தினேன். சைவனாகிய நான் பௌத்தர் பக்கத்தை எழுதுவது, உயிர் உண்டு என்பதில் என்னோடு ஒரே கட்சியான நீர் அதை மறுப்பது என்று பங்கு பிரித்ததையும் சொன்னேன். மனிதர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "எல்லாஞ் சரி, மறுப்பு எங்கை?" என்றார். பாலேஸ்வரியும் குசினி அடுப்படியில் இருந்து, "நானும் அதைத்தான் கேக்கிறன்" என்றாள்.

இந்த வருடப் புராணப் படிப்பில் என்னைப் பயன் சொல்ல வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒருவர் செய்யுளைப் பாட, நான் பொருள் சொல்ல, சனம் கண்ணீர் விட்டுக் கேட்கும். உமக்குத் தெரியும், எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் அது. மறுப்பு வந்தால் அந்த இடம் திரும்பக் கிடைக்கும். எழுதி அனுப்பும், ஹலீம்.

ஒன்று சொல்ல வேண்டும். அட்டையில் என் பெயர் மட்டுந்தான் இருக்கிறது. நிலைமை உமக்குத் தெரியும்.

அன்புடன்,
க. நமசிவாயம்


தில்லையடி, புத்தளம்
02.06.1992

திரு. நமசிவாயம் அவர்கட்கு,

கடிதமும் நூலும் கிடைத்தன. சுவாமிக்கு நன்றி.

நிலைமை எனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியும். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனம் முழுவதையும் மைதானத்துக்கு வரச் சொல்லி இயக்கத்தார் ஒலிபெருக்கியில் கத்தினார்கள். போனோம். ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னார்கள். வீட்டைப் பூட்டச் சொல்லித் திறப்பை வாங்கினார்கள். மைமூனாவின் தோட்டைக் கழற்றச் சொன்ன பொடியன் என்னிடம் அளவையியல் படித்தவன். என்னைப் பார்க்காமல், "சேர், கெதியாய்க் கழட்டச் சொல்லுங்கோ" என்றான். அவனுக்குப் பரீட்சையில் நல்ல புள்ளி போட்டிருந்தேன். இப்போது குறைக்க முடியாது.

அன்றைக்கு நீங்கள் வரவில்லை என்று நான் குறை சொல்லவில்லை. வந்திருந்தாலும் ஒன்றும் நடந்திராது. ஆனால் அட்டையில் இருந்து என் பெயரை எடுக்கும்போது உங்கள் தலைக்கு ஒருவரும் துவக்கை நீட்டவில்லை. ஊரில் இருந்து எங்களை அவர்கள் எடுத்தார்கள். நூலில் இருந்து நீங்கள் எடுத்தீர்கள். பெயர் என்பது வெறும் வழக்கு, அதற்குள் ஒருவரும் இல்லை என்று மூன்றாம் அத்தியாயத்தில் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். எழுதியதை இவ்வளவு கெதியாய் நடைமுறைப்படுத்துவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பாளி மூலத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் தந்தது யார்? பேராதனையில் நான் கண் எரியப் படித்த பாஷை அது. முன்னுரையில் 'நண்பர் ஒருவர் உதவினார்' என்று இருக்கிறது. அந்த நண்பர் ஒருவர் இங்கே உவர்த் தண்ணீரில் குளித்துக்கொண்டு நலமாக இருக்கிறார்.

உங்களைக் கோயிலில் பேச விடவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் வருத்தங்களை வரிசையில் நிறுத்தினால், தயவு செய்து, உங்களுடையது கொஞ்சம் பின்னால் போய் நிற்கட்டும்.

மறுப்பு எழுத மாட்டேன். என் குறிப்புகள் எல்லாம் வீட்டு அலுமாரியில். வீடு உங்கள் ஊரில்.

எம். ஏ. ஹலீம்


கொக்குவில் கிழக்கு
25.09.1992

அன்புள்ள ஹலீம்,

உம்முடைய கடிதத்தைப் பாலேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன். "அவர் எழுதினதிலை பிழை எங்கை?" என்று கேட்டாள். அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை.

எனக்கும் சொல்ல உண்டு. அச்சகக்காரர் உம்முடைய பெயரைக் கண்டதும் எழுத்தைக் கோப்பதை நிறுத்திவிட்டு, "மாஸ்டர், எனக்குப் பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு" என்றார். நான் என்ன செய்ய? நூலா பெயரா என்று வந்தது. நூல் என்றேன். அப்போது அது பெரிய தியாகம் போலத் தோன்றியது. தியாகம் செய்தது நான் இல்லை என்பது உம்முடைய கடிதம் வந்த பிறகுதான் உறைத்தது.

உம்முடைய வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்தேன். கதவும் நிலையும் இல்லை. அலுமாரியும் இல்லை. இதைச் சுற்றி வளைத்து எழுதத் தெரியவில்லை.

இங்கே காரியம் முற்றிவிட்டது. இயக்கப் பொடியள் தங்கள் காரியாலயத்துக்குக் கூப்பிட்டார்கள். என்னோடு கதைத்த பொடியன் மரியாதையாகத்தான் கதைத்தான். நூலை வைத்து அங்கங்கே கோடு போட்டிருந்தான். 'துக்கத்துக்குக் காரணம் பற்று' என்ற இடத்தைக் காட்டி, "அப்ப மண்ணிலை பற்று வைக்கிறதும் பிழையோ, மாஸ்டர்?" என்று கேட்டான். இது எதிராளியின் கட்சி, மறுப்புப் பின்னால் வருகிறது என்றேன். "நல்லது. மறுப்பைக் கொண்டு வாங்கோ. அது வரைக்கும் புத்தகம் வெளியிலை போகக் கூடாது" என்றான். பிரதிகளை எல்லாம் அச்சகத்தின் பின்னறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். மறுப்பை யார் எழுதுகிறார் என்று கேட்டான். நான் உம்முடைய பெயரைச் சொல்லவில்லை. 'ஒரு நண்பர்' என்றேன். முன்னுரையில் இருக்கிற அதே நண்பர்.

இப்போது ஊருக்கு நான் பௌத்தன். காரியாலயத்துக்கு நான் சந்தேகத்துக்குரியவன். உமக்கு நான் என்ன என்று கேட்கப் பயமாக இருக்கிறது. உண்மையில் களைத்துப்போனேன், ஹலீம். துக்கம் பற்றி நாற்பது பக்கம் எழுதியவனுக்கு இப்போது அதைப் பற்றி ஒரு வரி எழுதவும் ஏலாமல் இருக்கிறது.

கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள். இதைச் சுவாமியிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீரும் அவரிடமே கொடும்.

நமசிவாயம்


தில்லையடி
17.04.1993

நமசிவாயம் மாஸ்டர்,

மறுப்பு இத்துடன் வருகிறது. உங்களுக்காக எழுதவில்லை. முறைக்காக எழுதினேன். நடந்ததைச் சொல்லுகிறேன்.

முகாம் கிணற்றுத் தண்ணீர் உவர். ஒன்றரை மைல் தள்ளி ஒரு சிறிய விகாரை இருக்கிறது. அங்கே நல்ல தண்ணீர். எங்களுடைய பெண்கள் குடத்தோடு போனால் பிக்கு ஒன்றும் சொல்ல மாட்டார். வயதானவர், காது கொஞ்சம் மந்தம். ஒரு நாள் மைமூனா தண்ணீர் அள்ளும்வரை நான் மர நிழலில் இருந்து உங்கள் நூலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கோடு போட்ட தாளில் அச்சைக் கண்டு அது என்ன கொப்பி என்று பிக்கு கேட்டார். சொன்னேன். வாசி என்றார்.

அன்று தொடங்கி எத்தனையோ பின்னேரங்கள். நான் தமிழைப் பார்த்துச் சிங்களத்தில் உரத்துச் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்ற ஐந்தும் சேர்ந்த கட்டுத்தான் மனிதன், கட்டை அவிழ்த்தால் உள்ளே ஒருவரும் இல்லை என்று நீங்கள் எழுதிய இடத்தில் அசைவே இல்லை. நித்திரை என்று நினைத்து நிறுத்தினேன். "ஏன் நிறுத்தினாய்? இனித்தானே கஷ்டமான இடம்" என்றார்.

முடிந்த அன்று, "இதை எழுதினவர் பௌத்தரா?" என்று கேட்டார்.

"இல்லை. சைவர். யாழ்ப்பாணம்."

"அப்படியென்றால் ஏன் இவ்வளவு பாடுபட்டார்?"

எங்களுடைய முறையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு தலையாட்டினார். "ஆம். நாங்கள் சொல்வது இதுதான். என்னால் இவ்வளவு ஒழுங்காகச் சொல்ல முடியாது. சரி, உன்னுடைய மறுப்பைச் சொல் பார்ப்போம்" என்றார்.

மாஸ்டர், எதிராளி தலையாட்டிவிட்டார். நீங்கள் எழுதியது அவருக்கு முன்னால் நின்று பிடித்துவிட்டது. அன்றைக்கு எனக்கு உங்கள் மேல் இருந்த கோபத்தையும் மீறிப் பெருமையாக இருந்தது. இனி நான் சும்மா இருந்தால் அது தோல்வி. அதனால்தான் எழுதினேன்.

குறிப்புகள் இல்லாததால் பழைய வாதங்களை விட்டுவிட்டேன். நினைவு, மறுபிறப்பு எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஆயத்தமாக விடை இருக்கிறது. என்னிடம் மிஞ்சியது ஒன்றே ஒன்று. மாறாமல் நிற்கிற ஒருவன் உண்டு என்பது மேற்கோள், அதாவது நான் நிறுவ வேண்டியது. உரிமை கோருவதால் என்பது ஏது, அதற்குக் காரணம். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவன் போல என்பது எடுத்துக்காட்டு. ஆற்று நீர் போல முன்னது போகப் பின்னது வருகிறது, அவ்வளவுதான் மனிதன் என்றால், சோனகத் தெருவில் திறப்பைக் கொடுத்தவன் போய்விட்டான். தில்லையடியில் இருப்பவன் வேறு ஒருவன். பிறகு அந்த வீடு யாருக்குச் சேரும்? திரும்பிப் போகிற உரிமை யாருடையது? பறித்தவனும் அந்த ஆள் நான் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். அநியாயம் என்ற சொல்லுக்கே பொருள் இராது. எடுத்துக்காட்டை விரித்து எழுதியிருக்கிறேன். மைதானம், ஒலிபெருக்கி, தோடு எல்லாம் இருக்கின்றன.

பிக்குவுக்கும் சொன்னேன். "அப்போ நீ வீட்டுக்காகத்தான் ஆன்மாவை வைத்திருக்கிறாய்" என்றார். ஓம், வேறென்னத்துக்கு என்றேன். இதற்கு அவர் என்ன விடை சொன்னார் என்பதையும் கடைசிப் பகுதியில் சேர்த்திருக்கிறேன். வேலை நேர்மையாக இருக்க வேண்டும் அல்லவா?

இரண்டு நிபந்தனை. என் பெயர் போட வேண்டும். ஒரு சொல்லும் வெட்டக் கூடாது.

ஹலீம்


கொக்குவில் கிழக்கு
30.08.1993

அன்புள்ள ஹலீம்,

வாசித்தேன். திரும்ப வாசித்தேன். நான் எழுதியது வெறும் வீட்டுப்பாடம் என்று தோன்றிவிட்டது. பிக்கு தலையாட்டிய இடத்தைப் பாலேஸ்வரிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். இந்த ஒன்றரை வருடத்தில் ஒருவர் என் நூலைக் கடைசிப் பக்கம் வரை கேட்டிருக்கிறார்.

இனி நான் கேட்கப்போவதற்கு நீர் கோபிப்பீர். இதை இப்படியே காரியாலயத்துக்குக் கொண்டுபோனால் நான் வீடு திரும்ப மாட்டேன். அந்தப் பொடியன் ஒவ்வொரு மாதமும், "மாஸ்டர், மறுப்பு வந்திட்டுதோ?" என்று கேட்கிறான். இன்னும் வரவில்லை என்று பொய் சொல்லிவிட்டேன். வாதம் அப்படியே இருக்கட்டும். எடுத்துக்காட்டை மட்டும் மாற்றினால் என்ன? 'தொலைந்த மாட்டைத் தேடுகிறவன் போல' என்று போடலாம். பட்டிக்கு வந்த மாட்டை இது என்னுடையது என்று அடையாளம் சொல்லுகிறவன் நேற்றுத் தொலைத்த அதே ஆள்தானே? உரிமை அதிலும் இருக்கிறது. சனத்துக்கும் விளங்கும். பெயரை எப்படியாவது முன்னுரைக்குள் கொண்டுவருகிறேன்.

பதிலை உடனே எழுதும். புராணப் படிப்புத் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

நமசிவாயம்


தில்லையடி
11.11.1993

மாஸ்டர்,

மாடு தானாகத் தொலையும். நாங்கள் தானாகத் தொலையவில்லை.

எடுத்துக்காட்டு இல்லாமல் அனுமானம் நிற்காது, அது அலங்காரம் இல்லை, உறுப்பு என்று ரியூட்டறியில் கரும்பலகையில் எழுதிக் காட்டியது நீங்கள். நான் பின்வரிசை வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் எடுத்துக்காட்டை எடுத்துவிட்டால் அது என் வாதம் இல்லை. உங்களுக்கு மாடு வேண்டுமென்றால் நீங்களே மறுப்பு எழுதி உங்கள் பெயரைப் போடுங்கள். அட்டையில் இடம் இருக்கிறது.

மைமூனாவுக்குக் காய்ச்சல். வேறு விசேஷம் இல்லை.

ஹலீம்


கொக்குவில் கிழக்கு
20.02.1995

அன்புள்ள ஹலீம்,

சண்டை நிற்பாட்டியிருக்கிறார்கள். கடைகளில் சவர்க்காரமும் பற்றறியும் வந்திருக்கின்றன. தாளும் வந்திருக்கிறது. தாள் இல்லை என்று சொல்லவும் இனி வழியில்லை.

உம்முடைய மறுப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மாட்டை வைத்து நானே ஒன்று எழுதிப் பார்த்தேன். முடித்துவிட்டு வாசித்தபோது அது ஒன்றையும் மறுக்கவில்லை. அடுப்பில் போட்டேன். உம்முடையதை அச்சிடவில்லை. பயம். அதற்கு வேறு நல்ல சொல் தேடித் தேடித்தான் இவ்வளவு காலம் உமக்கு எழுதாமல் இருந்தேன்.

மைமூனா சுகமா?

நமசிவாயம்


சாவகச்சேரி
19.11.1995

அன்புள்ள ஹலீம்,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். செய்தியில் கேட்டிருப்பீர். சண்டை திரும்பத் தொடங்கி ஆமி முன்னேற, கொக்குவிலோடு வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் ஊரை விட்டு எழும்பியது. செம்மணி வெளியில் மழைக்குள் சனத்தோடு சனமாக நடந்து வந்தோம். பாலேஸ்வரியின் கால் வீங்கியிருக்கிறது. ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் எட்டுக் குடும்பத்தோடு இருக்கிறோம். அச்சகமும் அதன் பின்னறையும் என்ன ஆயிற்றோ தெரியாது. இப்போது எனக்கும் விளங்குகிறது என்று எழுத மாட்டேன். நாங்களும் நடந்தோம், ஆனால் படிப்பித்த பிள்ளை வந்து பாலேஸ்வரியின் தோட்டைக் கழற்றவில்லை. இரண்டும் ஒன்றில்லை.

கனகரத்தினமும் இதே பள்ளிக்கூடத்தில்தான். போன கிழமை என்னிடம் வந்து பக்கத்தில் நிலத்திலேயே இருந்தார். முன்பு கதிரை நுனியில் இருந்தவர்.

"மாஸ்டர், சனம் மனம் விட்டுப் போச்சு. பழசை விடுங்கோ. பின்னேரத்திலை வந்து பயன் சொல்லுங்கோ. நாலு பேர் கேட்டு ஆறட்டும்."

மறுப்பு எங்கே என்று அவர் கேட்கவில்லை. மூன்று வருடமாக நான் தவம் கிடந்த இடம். மறுப்பே இல்லாமல் கிடைத்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, ஹலீம், சந்தோஷத்தில்தான். அந்தச் சந்தோஷத்தில் வெட்கம் கெட்டு, சரி வாறன் என்றேன்.

பின்னேரம் மண்டபம் நிறையச் சனம். ஒருவர் செய்யுளைப் பாடினார். நான் பொருள் சொன்னேன். முதல் நாள் நன்றாகத்தான் போனது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். இரண்டாம் நாள், சூரனிடம் இடம் இழந்த தேவர்கள் தங்கள் ஊரைத் திருப்பிக் கேட்கிற கட்டம். கூட்டத்தில் ஒரு கிழவர், "எங்கடை வீடு எங்களுக்குத் திரும்பக் கிடைக்குமோ, மாஸ்டர்?" என்று இடையில் கேட்டார். கிடைக்கும், அது உங்கள் உரிமை என்று வாய் வரை வந்தது. அது உம்முடைய வாதம். அதை என்னுடையதாகச் சொல்ல என் வாய் எழும்பவில்லை.

ஆகவே முறைப்படி சொன்னேன். பௌத்தர் கட்சியை முதலில் வைத்தேன். கனகரத்தினம் நெளிந்தார். பிறகு, இதற்கு மறுப்பு உண்டு, எழுதியவர் சோனகத் தெரு ஹலீம் மாஸ்டர், பௌத்த ஆராய்ச்சியில் பாதி அவருடையது, அட்டையில் அவர் பெயரைப் போடாதவன் நான் என்று சொன்னேன். மேற்கோள் சொன்னேன், ஏது சொன்னேன். எடுத்துக்காட்டையும் சொன்னேன். மைதானம், ஒலிபெருக்கி, திறப்பு, தோடு. மாடு இல்லை. எல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஒருவர், "உந்த நேரத்திலை உது தேவையோ?" என்று சொல்லிக்கொண்டு எழும்பினார். அவரோடு கொஞ்சப் பேர் எழும்பிப் போனார்கள். பின்னால் கதவோடு நின்ற இயக்கப் பொடியன் ஒருவன் மறுப்பு எழுதினவரின் பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னான். முழுப் பெயராகத் திரும்பச் சொன்னேன். உம்முடைய தகப்பனாரின் பெயரோடு. அவன் போய்விட்டான். இன்னும் ஒருவரும் வந்து கேட்கவில்லை. வருவார்களோ தெரியாது.

அடுத்த நாள் கனகரத்தினம் வந்து இனிப் பயன் சொல்ல வேண்டாம் என்றார். இந்த முறை அவரோடு நான் வாதாடவில்லை. பாலேஸ்வரி என் பங்குச் சோற்றில் கூடுதலாக ஒரு பொரித்த மிளகாய் வைத்தாள்.

அச்சில் வரவில்லை. வாயால்தான் வந்தது. அதற்கு என்னை மன்னிப்பீரோ தெரியாது.

நமசிவாயம்


தில்லையடி, புத்தளம்
28.12.1995

அண்ணை,

சுவாமி கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். உங்களைக் கண்டதாகவும், மெலிந்து போனீர்கள் என்றும் சொன்னார்.

பிக்குவிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு இப்போது காது அறவே கேட்காது. காதுக்குள் கத்தினேன். கொஞ்சப் பேர் எழும்பிப் போனார்களாம் என்றேன். "மிச்சப் பேர் இருந்தார்களா?" என்று கேட்டார். இருந்தார்கள் என்றேன். நல்லது என்றுவிட்டுத் தன் பாட்டில் முற்றத்தைக் கூட்டப் போய்விட்டார்.

மைமூனா கடிதத்தை முழுக்க வாசிக்கச் சொன்னா. தோடு என்ற இடத்தில் கையைத் தூக்கிக் காதைத் தடவினா. இத்தனை சனத்துக்கு முன்னால் அதைச் சொன்னாரோ என்று கேட்டா. ஓம் என்றேன். அந்த முகத்தில் என்ன இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

உங்கள் கேள்விக்கு நேரே வருகிறேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பேனையை எடுத்தேன், எழுத வரவில்லை. அது பொய்யாக இருக்கும். நமக்குள் இருந்த ஒரே நல்ல பழக்கம் வாதத்தில் பொய் சொல்லாதது. சூடு இன்னும் ஆறவில்லை. ஆறுமோ, எப்போது ஆறுமோ, தெரியாது. ஆனால் அன்றைக்கு நீங்கள் என் பெயரை இரண்டு முறை சொன்னீர்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

அங்கே இருக்க வேண்டாம், அண்ணை. அந்தப் பொடியன் திரும்பி வருமுன் வெளிக்கிடுங்கள். கிளாலியால் படகில் கடந்து வவுனியா வந்தால், சுவாமியின் ஆட்கள் இந்தப் பக்கம் ஏற்றிவிடுவார்கள். எங்கள் கொட்டிலுக்குப் பக்கத்தில் நீங்கள் இருவரும் இருக்க ஒரு பத்தி இறக்கியிருக்கிறேன். ஓலை புதிது. பாலேஸ்வரி அக்காவின் காலுக்கு இங்கே நல்ல எண்ணெய் போடுகிற ஒருவர் இருக்கிறார் என்று மைமூனா சொல்லச் சொன்னா. சைவச் சாப்பாட்டுக்குப் புதுச் சட்டி வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறா.

இது என் வீடு இல்லை. என் வீடு யாழ்ப்பாணத்தில் இருக்கிறது, அதை நான் விட்டுக் கொடுக்கவில்லை. இங்கே இருக்கிற இந்த ஓலைக்குக் கீழே, கோபத்தோடுதான், உங்களைக் கூப்பிடுகிறேன். வாருங்கள்.

ஹலீம்